அக்கா, அந்தப் பெண் போகவில்லை

அம்மா இல்லாத வீட்டில் என்னை இடுப்பில் சுமந்து வளர்த்த அக்காவுக்கு,

உன் காரியம் முடிந்ததிலிருந்து தேவி பத்து காஜா ஊரில் என்னோடுதான் இருக்கிறாள். உன் மகளுக்கு ஈப்போவிலிருந்து வரன் வந்திருக்கிறது. பையன் நல்லவன்தான், இவளுக்கும் பிடித்திருக்கிறது. இருந்தும் நான்கு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னிடம் மறைத்ததைச் சொல்லாமல் அவள் கல்யாணப் பேச்சில் நான் எப்படி உட்காருவேன்?

ரப்பர் தோட்டத்து வீட்டில் டிவியில் அந்த இந்திப் படம் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? சனிக்கிழமை மத்தியானம், பக்கத்து வீட்டுச் சனமெல்லாம் நம் வீட்டுத் தரையில். நீ ஆறாம் வகுப்போடு பால்மரம் வெட்டப் போனவள். கீழே ஓடும் மலாய் எழுத்தை உன்னால் எட்டிப் பிடிக்க முடியாது. அப்பாவுக்கு எழுத்தே தெரியாது. பத்து வயது நான்தான் படித்துப் படித்துத் தமிழில் சொன்னேன், பெரிய மனுஷி மாதிரி.

கடைசியில் மணமேடை. கேட்ட சீர் குறைகிறதென்று மாப்பிள்ளையின் அப்பா எழுந்துவிட்டார். பெண்ணின் அப்பா தன் தலைப்பாகையைக் கழற்றி அவர் காலடியில் வைத்தார். நீ தேம்பித் தேம்பி அழுதாய். பிறகு அந்தப் பெண் நீளமாக ஏதோ பேசிவிட்டு அப்பாவைக் கட்டிக்கொண்டாள். படம் முடிந்துவிட்டது.

"என்னாடி சொல்லுது அது?" என்று கேட்டாய்.

உனக்கு ஹுத்தான் மெலிந்தாங் ஊரில் மாப்பிள்ளை பேசி முடித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயம். "எல்லாத்தயும் பொறுத்துக்கிட்டு அந்த வீட்டுக்கே போறேன்னு சொல்லுதுக்கா" என்றேன்.

"அது பொண்ணு!" என்றார் அப்பா.

நகை குறைவென்று அந்த வீட்டில் உன்னைப் படுத்திய பாடு கொஞ்சமா? கைக்குழந்தையோடு ஒருநாள் திரும்பி வந்தாய். அப்பா உன்னை உள்ளேகூடக் கூப்பிடவில்லை. "படத்துல பாத்தியேம்மா, அந்தப் பொண்ணு பொறுத்துக்கல?" என்று சொல்லி, தாப்பா பட்டணத்துக்குக் கூட்டிப்போய் பஸ் ஏற்றிவிட்டார். நான் கதவோரம் மரம் மாதிரி நின்றேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா, பாவி நான்?

ஆஸ்பத்திரியில் உனக்குக் கஞ்சி ஊட்டும்போது கேட்டாய்: "அந்தப் படத்துப் பொண்ணு அப்பறம் நல்லா இருந்திருக்குமாடி?"

"இருந்திருக்கும்க்கா" என்றேன். அதற்குப் பிறகு நீ பத்து நாள்கூட இருக்கவில்லை.

அக்கா, அவள் போகவே இல்லை. எங்கப்பா தலைகுனிந்த இடத்தில் நான் வாழ மாட்டேன் என்றுதான் சொன்னாள்.

போன ஞாயிறு பையன் வீட்டார் வந்தார்கள். "நாங்க ஒன்னும் கேக்கலலா. மூத்தவனுக்குப் பொண்ணு வீட்டுல புதுக் காடி எடுத்துக் குடுத்தாங்க, அதான் சொன்னேன்" என்றார் அவன் அம்மா. கார் கேட்கிற அழகைப் பார்த்தாயா? பையன் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வெள்ளிக்கிழமை பதிலுக்கு வருகிறார்கள்.

அவர்கள் போனதும் தேவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "அம்மா கடைசி வரைக்கும் அப்டியே நெனச்சிட்டிருந்தாங்களா சித்தி?" என்று மட்டும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை, "எங்க பொண்ணு மட்டுந்தான் வரும்" என்று சபையில் சொல்லப் போகிறேன். எழுந்து போனால் போகட்டும். கல்யாணம் நடந்தாலும், என்றைக்கு அவள் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டேன். முதலில் சோறு போடுவேன். உன்மேல் சத்தியம். அன்றைக்கு உனக்கு ஒரு வாய் தண்ணீர்கூடத் தரவில்லையே, அக்கா.

உன் தங்கச்சி,
தேவியின் சித்தி