1980 என்று பொறித்த தகடு

செப்டம்பர் 6, சனி

போதும், வாயை மூடிக்கொண்டிருந்தது. நாற்பத்தோரு வருடமாக இதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. இன்று பேப்பரில் படம் போட்டிருக்கிறார்கள். ஜெகதளாவுக்கு மேலே நான் பிறந்த எஸ்டேட்டில், டீத்தூள் விற்கும் கடை வாசலில், பழைய டிராக்டருக்குச் சிவப்பு பெயின்ட் அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். ஆயுத பூஜையன்று திறப்பு விழாவாம். ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளலாமாம்.

என் அம்மாவைக் கொன்ற வண்டி அது. 1984-இல் கொழுந்து மூட்டைகளோடு பெண்களையும் ஏற்றிக்கொண்டு இறங்கியபோது டிரெய்லர் வளைவில் கவிழ்ந்தது. அம்மா தெய்வம்மா, ராக்கம்மா, கருப்பம்மாள் — மூன்று பேர். ஓட்டியவர் அய்யாவு. என் அப்பா.

"பிரேக் புடிக்கலைங்க" என்றார். நான்கு வருட வண்டியில் பிரேக் எப்படிப் போகும், குடித்திருப்பான் என்றது எஸ்டேட் விசாரணை. வேலை போயிற்று, எஸ்டேட் தொழிலாளர்களுக்குக் கொடுத்திருந்த லைன் வீடும் போயிற்று. எனக்குப் பதினோரு வயது. நானும் எஸ்டேட்டைத்தான் நம்பினேன்.

செப்டம்பர் 7

முதலாளிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். விழா எடுக்கிறீர்களே, செத்தவர்கள் பெயரையும் பலகையில் போடுங்கள். ஓட்டியவர் — அதை அடித்து 'ஓட்டியவன்' என்று திருத்தினேன் — ஓட்டியவன் பெயரையும் போடுங்கள்.

விசாரணையில் நான்கு வருட வண்டி என்றார்கள்; எந்த வருடத்தது என்று நான் கண்ணால் பார்த்ததில்லை. முப்பது வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் உத்தேசமாக எழுதக் கூடாது. நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 13

போனேன். கடை மேனேஜர் கமலேஷுக்கு நான் யாரென்று தெரியாது. வண்டியின் வயதைக் கண்டுபிடிக்க வந்த வாத்தியார் என்றதும் டீ வரவழைத்தார்.

"தகட்டுல 1980-ன்னு இருக்குதுங்க சார். ரொம்ப எளசா இருக்குது. வெள்ளக்கார தொரை ஓட்டுனதுன்னு சொல்ற மாதிரி ஏதாச்சும் பாருங்களேன்."

"இல்லாததை எப்படிங்க சொல்றது?"

"அதுக்குத்தானுங்களே வாத்தியாருங்க இருக்கறீங்க!"

சிரித்துவிட்டேன். அந்த வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நான் சிரித்தேன்.

ஸ்டியரிங்குக்குக் கீழே தகடு. 1980, சரிதான். ஆனால் நான்கு மூலையிலும் இருப்பது கம்பெனியில் அடித்து இறுக்குகிற ரிவெட் இல்லை. ஆணி. முனையைப் பின்பக்கம் மடித்துவிட்டிருக்கிறார்கள். தேயிலைப் பெட்டியின் ஓரத்தில் தகரம் அடிக்கிற, தலை தட்டையான சின்ன ஆணி. பாக்டரி வாசலில் அதைப் பொறுக்கி விளையாடியவன் நான். டிராக்டர் செய்கிற கம்பெனிக்குத் தேயிலைப் பெட்டி ஆணி எங்கிருந்து கிடைத்தது?

செப்டம்பர் 14

தகடு எப்போதாவது கழன்று விழுந்திருக்கும். திரும்ப அடித்திருப்பார்கள். அவ்வளவுதான்.

செப்டம்பர் 20

அவ்வளவுதான் இல்லை.

டார்ச், கம்பி பிரஷ், ஒரு சாக்கு. சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன், ஐம்பத்திரண்டு வயதில். பெரிய இரும்புப் பாகங்களை வார்க்கும்போது அச்சிலேயே தேதி வைப்பதுண்டு. பெயின்டை மாற்றலாம், தகட்டை மாற்றலாம். வார்ப்போடு எழும்பி நிற்கிற எண்ணை யாரும் மாற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள். கியர் பெட்டியின் அடியில் கிரீஸ், அதன் மேல் புதுச் சிவப்பு. சுரண்டினேன்.

11 – 3 – 53.

கியர் பெட்டியை மட்டும் மாற்றியிருக்கலாம் என்று பின் சக்கர அச்சின் உறையையும் சுரண்டினேன். 24 – 2 – 53. என்ஜினிலும் அதே வருடம்.

1984-இல் அந்த வண்டிக்கு முப்பத்தொரு வயது.

கமலேஷ் குனிந்து பார்த்தார். "அம்பத்தி மூணா! சூப்பருங்க சார், முதலாளி துள்ளிக் குதிப்பாரு!"

விசாரணையின்போது புதிதாக இருக்க வேண்டியிருந்தது, இருந்தது. இப்போது பழையதாக இருந்தால்தான் அவர்களுக்கு நல்லது. நான் சாக்கிலேயே படுத்திருந்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்த ஆறுச்சாமி இன்னும் இருக்கிறார். எண்பத்துநான்கு வயது, குன்னூரில் மகன் வீட்டில். விசாரணையில் 'பிரேக் நல்லா இருந்துச்சு' என்று சொன்னவர். சட்டையைப் பிடிக்கிற எண்ணத்தில்தான் போனேன்.

"அய்யாவு மகனா? உள்ள வா கண்ணு."

தகட்டைப் பற்றிக் கேட்டேன்.

"நாந்தான் அடிச்சேன். மலைக்குக் கீழ, கீழ்நாட்டுல ஏலத்துல எடுத்த பழைய வண்டி அது. பெயின்ட் அடிச்சு, ஆக்சிடென்ட்ல நொறுங்கி ஒடைக்கப் போட்ட வேற வண்டித் தகட்ட மாட்டச் சொன்னாரு பழைய மேனேஜரு. புது வண்டின்னு முதலாளிகிட்டக் கணக்குக் காட்டிட்டாரு. கையில ரிவெட்டு இல்ல. பெட்டி ஆணிதான் இருந்துச்சு."

"விசாரணையில ஏன் சொல்லல?"

"எனக்கும் லைன்லதான ஊடு. நாலு கொழந்தைங்க."

"அப்பா குடிச்சிருந்தாரா?"

"அவனா? மூணு வாட்டி வந்து நின்னான் கண்ணு. 'அண்ணே, பிரேக் லைனிங் தேஞ்சு போச்சுங்கண்ணே'ன்னு. புது வண்டிக்கு எதுக்குடா லைனிங்குன்னு மேனேஜரு வெரட்டிட்டாரு. பொண்டாட்டிய பின்னால ஏத்திக்கிட்டு எவன்டா குடிச்சுட்டு ஓட்டுவான்?"

இந்தக் கேள்வியை நான் ஒரு தடவையாவது கேட்டுப் பார்த்தேனா? ஏன் கேக்கல? படிச்சவன்தான நான்?

அவர் சட்டையைத் தொடக்கூட இல்லை. அவருக்காவது காப்பாற்ற ஒரு வீடு இருந்தது. நான் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்?

செப்டம்பர் 22

அப்பா இந்த வருடம் மார்ச்சில் இறந்தார். தேவர்சோலையில், தங்கை சுமலதா வீட்டில். நான் போகவில்லை. கொள்ளி வைத்தது அவள் கணவர் சுரேந்திரன்.

அதற்கு முந்தைய தீபாவளிக்குச் சுமலதா போனை அவரிடம் கொடுத்துவிட்டாள். "தம்பி, சாப்ட்டியா?" என்றார். வைத்துவிட்டேன்.

சாப்ட்டியான்னுதான கேட்டாரு. அதுக்கு வெச்சுட்டேன்.

செப்டம்பர் 23

சுமலதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆணி, தேதி, லைனிங். அவள் அழுவாள் என்று நினைத்தேன்.

"எனக்குத்தான் தெரியுமேண்ணா."

"எப்படித் தெரியும்?"

"அப்பா சொன்னாருல்ல."

எனக்குத்தான் இரும்பில் வார்த்துக் காட்ட வேண்டியிருந்தது.

செப்டம்பர் 24

லீவ் போட்டேன். ஒன்றும் எழுதவில்லை.

செப்டம்பர் 28

முதலாளிக்கு எழுதியதைக் கிழித்தேன். வேறு கடிதம் எழுதுகிறேன். ராக்கம்மாவின் மகன் பாலுவுக்கு ஒன்று, கருப்பம்மாளின் மகள் இந்துமதிக்கு ஒன்று. இருவரும் இன்னும் அதே லைனில்தான் இருக்கிறார்கள். அப்பா ஒரு முறை அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றபோது பாலு அவர் காலடியில் துப்பிவிட்டுப் போனானாம். அதைக் கேட்டு அன்றைக்கு எனக்குத் திருப்தியாக இருந்தது. இதையும் எழுதி வைக்கிறேன்.

ஆறுச்சாமி பெயரைப் போடலாமா என்று போனில் கேட்டேன். "போடு கண்ணு. இனி என்னைய எந்த ஊட்டக் காலி பண்ணச் சொல்லப் போறாங்க" என்றார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கமலேஷ் போட்டோ அனுப்பியிருக்கிறார். டிராக்டருக்கு மாலை, சந்தனம், பக்கத்தில் பலகை. 1953 என்று பெரிதாக. 'தேங்க்ஸ் சார்' என்று கீழே இரண்டு கைகூப்பு.

கடிதங்கள் முடிந்துவிட்டன. வார்ப்புத் தேதி, தகடு, ஆறுச்சாமி சொன்னது, அப்பா மூன்று முறை போய் நின்றது. கடைசி வரி: 'உங்கள் அம்மாவின் சாவுக்கு அய்யாவு காரணமில்லை.'

அதன் கீழே பெயர் போடப் பேனாவை வைத்தேன். 'அய்யாவு மகன்' என்று எழுதலாம். படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பிள்ளை விடாமல் அலைந்து அப்பன் பெயரை மீட்டுக் கொடுத்திருக்கிறான் என்பார்கள். அந்தப் பெருமை எனக்கு வரக் கூடாது.

நாளை தபால் ஆபீஸ் லீவு. வெள்ளிக்கிழமை பெயர் எழுதாமலே தபாலில் சேர்த்துவிடுகிறேன்.