மூளை காட்டிக் கொடுத்தது

அன்புள்ள அக்காவுக்குத் தம்பியின் வணக்கம். உன் முழங்கால் எப்படி? அத்தான் வேளைக்கு மாத்திரை போடுகிறாரா? நான் இங்கே ராஜா மாதிரி இருக்கிறேன்.

போன மாதம் கிடங்கில் ஏணியிலிருந்து சறுக்கினேன். எண்பதடி உயரம், சரி, நாலு படி. காயம் ஆறியும் கால் வலி விடவில்லை. மேஸ்திரி, "நடிக்கிறியா?" என்றார். எனக்கே புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயம்.

வலியை ஆராயும் டாக்டரம்மா ஒருவர், மூளையைப் படம் பிடிக்கும் குழாய்க்குள் என்னைப் படுக்க வைத்து, காலில் லேசாகச் சூடு காட்டி, வலிக்கிறதா என்று கேட்டார். நம் வம்சத்து வீரம் விடுமா? ஒவ்வொரு முறையும் "வலிக்கலை" என்றேன்.

வெளியே வந்ததும் திரையைக் காட்டிச் சிரித்தார்.

"அண்ணே, வாய் இல்லைங்குது, மூளை ஊரைக் கூட்டுது! நிஜத்தைச் சொன்னாத்தானே ஒத்துப் பார்க்க முடியும்? எக்ஸ்ரேயில எலும்பு நல்லாருக்கு. ஆனா உங்க வலி நடிப்பில்லை. காயம் ஆறினாலும் சிலருக்கு மூளை வலியை விடாது. பயிற்சி செஞ்சா குறையும்."

தலைச்சுமையை இறக்கி வைத்தது போல இருந்தது, அக்கா.

மாமாவின் மூளையைப் பார்த்துப் பன்னிரண்டு டாக்டர்கள் வாயடைத்து நின்றார்கள் என்று பிள்ளைகளிடம் சொல். காலில் சுற்ற உன் பழைய நூல் சேலை ஒன்று அனுப்பு. வேலைக்கு வண்டி வந்துவிட்டது. இனி போனில் "வலிக்குதாடா?" என்று ஒரு தடவை கேட்டு விட்டுவிடாதே. இரண்டாம் தடவையும் கேள்.

உன் தம்பி