மலைக்கு உப்பு சுமந்தவள்

ஜூன் 12

ஆடுகள் நக்கும் உப்புக்கல் நான்கும் மலைமேல் போய்ச் சேர்ந்தன. கல் ஒன்று பத்துக் கிலோ, இரண்டு நடை. போன வருடம் முட்டி வலியில் நான் படுத்துவிட, தம்பி தார்யெய்தான் சுமந்தான். இந்த முறை அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் கிறிஸ்துமஸ் வரை சொல்லிக் காட்டுவான்.

தட்டைப் பாறைமேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், என் ஆடுகளுக்கு முன்னால் மூன்று பனிமான்கள் வந்து நக்கிக்கொண்டிருக்கின்றன. வெட்கம் கெட்டவை. ஆடுகளுக்கு மூன்று கல் போதும். நாலாவது யாருக்கு என்று முப்பது வருடமாக யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

ஜூலை 3

மழை. புல் அறுக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 20

வேட்டை தொடங்கிவிட்டது. பத்து மணிக்கே தார்யெய் முதல் மானை வீழ்த்தினான். முதல் மானின் இதயத்தை அன்றே வெண்ணெயில் வறுத்து, வேட்டைக் குடிலில் உட்கார்ந்து தின்றாக வேண்டும். நான்தான் வறுத்தேன். உப்பு தூக்கலாகிவிட்டது.

"மலைக்கே உப்புப் போடுறவ கை, பின்ன எப்படி இருக்கும்?" என்றான். ஆனாலும் தட்டை வழித்துத் தின்றான். ஐம்பத்தாறு வயதில் எனக்கு இதைவிடப் பெரிய பண்டிகை இல்லை.

மானின் தலையைப் பையில் கட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினோம். பக்கத்து மலையில் மான் உருக்கி நோய் கண்டதிலிருந்து சட்டம் அப்படி. மூளையை அரித்து, உடம்பு உருகி உருகிச் சாகுமாம். மருந்து கிடையாது. நம் மலைக்கு வராது என்று எல்லோரும் சொல்கிறோம்.

ஆகஸ்ட் 24

எழுதக் கை வரவில்லை.

தட்டைப் பாறையில் ஒரு பெண் மான். விலா எலும்பை எண்ணலாம். காது தொங்கி, வாயில் எச்சில் ஒழுக நின்றது. பத்தடி வரை போனேன். அசையவில்லை. மனுஷ வாடை பட்டாலே மலை தாண்டி ஓடுகிற பிராணி. ஓடு, ஏன் நிற்கிறாய், ஓடு என்று வாய்விட்டே சொன்னேன். என்னைப் பார்த்தது. பார்த்ததா என்றுகூடத் தெரியவில்லை.

கூட வந்திருந்த தார்யெய் ஒரே குண்டில் முடித்தான். பிறகு சொன்னான்: "கல்லைப் போட்டு மூடிடலாம்க்கா. கிழடு, பல்லுவலி, ஏதோ ஒண்ணு. நீ போன் பண்ணினா இந்த ஒரு மானோட நிக்காது."

மூடிவிட்டால் மற்ற மான்கள் என்ன ஆகும் என்று கேட்டேன். அவன் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் இறங்கி வந்து கால்நடை மருத்துவர் மாரித்துக்குப் போன் செய்துவிட்டேன்.

செப்டம்பர் 6

அதே நோய்தான். நாங்கள் தின்ற முதல் மானுக்கு ஒன்றும் இல்லையாம். மனிதருக்கு இதுவரை வந்ததாகத் தெரியவில்லை என்றும் மாரித் சொன்னாள். எனக்கு அதுவா கவலை?

செப்டம்பர் 7

தார்யெய் போனை எடுக்கவில்லை.

அக்டோபர் 11

பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். நிற்க இடமில்லை. மான் மந்தை முழுவதையும் சுடப் போகிறார்கள். ஆயிரத்து நானூறு உயிர். ஒன்று மிஞ்சினாலும் நோய் மிஞ்சுமாம். அப்புறம் மலை ஐந்து வருடமாவது காலியாகக் கிடக்க வேண்டும். வேட்டை என்ற பேச்சே கிடையாது. பெரிய பெரிய ஆட்கள் குனிந்து தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாரித் வரைபடத்தை விரித்தாள். எச்சிலில் பரவும், சாணத்தில் பரவும், மண்ணில் வருடக்கணக்காகச் சாகாது. மான்கள் எங்கே வந்து ஒரே இடத்தில் வாய் வைக்கின்றனவோ அங்கேதான் ஆபத்து அதிகம் என்றாள். ஆடுகளுக்கு உப்பு வைக்கும் இடங்களில் சிவப்புப் புள்ளி. என் பெயரைச் சொல்லவில்லை. தட்டைப் பாறைமேல் ஒரு புள்ளி இருந்தது, போதாதா?

முப்பது வருடம். நாலாவது கல்.

நானா கூப்பிட்டேன் அதுங்களை? நானேதானா?

அக்டோபர் 19

கடையில் காபித் தூள் எடுத்துக்கொண்டிருந்தேன். கிழவன் க்னூட் இருமினான். இருமிவிட்டுப் பக்கத்தில் நின்றவனிடம், "மெதுவா இருமணும்ப்பா. குன்வோர் காதுல விழுந்தா போன் போட்டுடுவா, ஊரையே சுட்டுடுவாங்க" என்றான். கடையே என்னைப் பார்த்துச் சிரித்தது. தார்யெயும் அங்கேதான் இருந்தான். சிரிக்கவில்லை. எனக்காக ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

காபித் தூளை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 2

தார்யெய் அரசாங்கத்தின் சுடும் குழுவில் பெயர் கொடுத்திருக்கிறான். மூடி மறைக்கச் சொன்னவன்! நேரே அவன் வீட்டுக்குப் போய், உனக்கு எப்படி மனசு வந்தது என்று கத்தினேன்.

"மலை தெரியாதவன் வந்து காலை ஒடிச்சு ஓட விடுவான். நான் சுட்டா வலிக்காது" என்றான். கதவைச் சாத்தும்போது, "நீ போன் பண்ணின, நான் சுடறேன். அவங்கவங்க வேலை, அக்கா" என்றான்.

அக்கா என்றுதான் சொன்னான். அதுதான் தாங்கவில்லை.

டிசம்பர் 15

காலையிலிருந்து மலைமேல் சுடும் குழுவின் ஹெலிகாப்டர். நாய் மேஜைக்கடியை விட்டு வரமாட்டேன் என்கிறது.

ஜனவரி 22

தார்யெய் இளைத்துப் பாதியாகிவிட்டான் என்று மாரித் சொன்னாள். சூப்பும் ரொட்டியும் அவன் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். பிற்பகலில் பாத்திரம் என் வாசலில் இருந்தது, கழுவி. 

பிப்ரவரி 27

முடிந்தது. வானொலியில் எங்கள் ஊருக்கு நன்றி சொன்னார்கள். அணைத்துவிட்டேன்.

ஜூன் 13

இனி ஆடுகளுக்கு உப்பு கொட்டகையிலேயே. மூன்று கல்தான் வாங்கினேன். கடைக்காரப் பெண் பழக்கத்தில் நாலாவதை எடுத்து வைத்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

தட்டைப் பாறையைச் சுற்றி வேலி போட்டாகிவிட்டது. எதை உள்ளே விடாமல் இருக்க?

ஆகஸ்ட் 20

போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே குடிலுக்குப் போனேன். துப்பாக்கி இல்லாமல், ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் எடுத்துக்கொண்டு. வழியெல்லாம் வெள்ளைப் பாசி மேய மானில்லாமல் அப்படியே கிடக்கிறது. குடிலில் புகை வந்துகொண்டிருந்தது. தார்யெய் அடுப்பு மூட்டி உட்கார்ந்திருந்தான். இன்று வேட்டை தொடங்க வேண்டிய நாள் என்று இருவரும் சொல்லவில்லை.

கறி வெந்துகொண்டிருந்தபோது அவனாகவே பேசினான்.

"கடைசி மான் உன் பாறைக்குத்தான் வந்துச்சு. பனியைக் காலால தோண்டி வெறும் மண்ணை நக்கிட்டிருந்துச்சு. முடிக்கட்டும்னு காத்திருந்தேன்." அடுப்பில் ஒரு கட்டையைத் தள்ளினான். "அது முடிக்கவே இல்லக்கா."

நான் அழுதுவிட்டேன். என்னால்தான், என் உப்பால்தான் என்று ஒரு வருடமாக இந்த நோட்டுக்கு மட்டும் சொன்னதை அவனிடம் சொன்னேன். நாலாவது கல்லையும் சொன்னேன்.

"நாலு கல்லுல ஒண்ணு யாருக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்றான். "நீ படுத்த வருஷம் நானும் நாலுதான் தூக்கிட்டுப் போனேன். முழுசையும் நீயே எடுத்துக்காத."

தட்டை நீட்டினான். போட்டேன். கறியில் உப்பே இல்லை, போட மறந்திருக்கிறேன். அவன் இரண்டாம் முறையும் வாங்கித் தின்றான்.