எடுத்த தண்ணீரில் திருப்பி ஊற்றுவது

என் பிரியமுள்ள பத்மா அக்கா,

நீங்கள் கண்ணை மூடிய பிறகு உங்கள் பாடத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். நம் டிசைன் கல்லூரியில் வேறு யாரும் அதைத் தொடத் தயாராக இல்லை. மரபில் இருக்கும் சூழல் அறிவைப் பாடமாக்கலாம் என்று நீங்கள் சைக்ளோஸ்டைல் பிரதி எடுத்துக் கொடுத்தபோது எல்லாரும் தலையாட்டினார்கள், அவ்வளவுதான். இந்த வருஷம் சரியாக நடக்காவிட்டால் பாடத்தையே எடுத்துவிடுவதாக முதல்வர் சொல்லியிருக்கிறார்.

வந்தவாசிப் பக்கத்து உங்கள் சமண வீட்டு வழக்கத்தில்தான் ஆரம்பித்தேன். தண்ணீரைத் துணியில் வடிகட்டுவது, பிறகு துணியில் தங்கிய சிற்றுயிர்களை அலசி, எடுத்த கிணற்றிலேயே மெதுவாக விடுவது. எடுத்த இடத்துக்கே திருப்பிக் கொடு, டிசைனுக்கு அதுதான் முதல் விதி என்பீர்கள். பிள்ளைகளுக்குப் பிடித்துப்போயிற்று. எனக்கும் தைரியம் வந்து, அவர்களை ஆரணியில் எங்கள் அண்ணனின் சாயப்பட்டறைக்கே அழைத்துப் போனேன். நான் பட்டுப்புடவை கட்டி வந்தால், புழுவைக் கொன்று எடுத்த நூல் என்று தள்ளி உட்கார்ந்த நீங்கள் இதைக் கேட்டால் சிரித்திருப்பீர்கள்.

பட்டுநூல் தோய்த்த சாயத்தண்ணீரை உங்கள் வழக்கப்படி துணியில் வடிகட்டினோம். கொஞ்சம் சிவப்புக் கசடு நின்றது. வடிந்த தண்ணீரும் சிவப்பாகத்தான் இருந்தது. கசடை ஒரு தூக்குப் பாத்திரத்தில் அலசி எடுத்துக்கொண்டு ஒரு மாணவி, பாடத்தில் சொன்னபடியே, அண்ணன் வீட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டாள். அண்ணன் பதறி ஓடிவந்தார்.

"அதுல ஊத்தாதம்மா. அதத்தான் நாங்க குடிச்சிகினு இருக்கோம்."

அவள் தூக்கைப் பிடித்தபடி பட்டறையின் பின்பக்கம் பார்த்தாள். அண்ணன் தினமும் சாயத்தண்ணீர் விடுகிற வாய்க்கால் அந்தக் கிணற்றை ஒட்டித்தான் போகிறது. அவரும் பார்த்தார். பிறகு என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்.

"வேற எங்க உடுவேன்? படிச்சிருக்கியே, நீயே சொல்லு."

அந்தப் பட்டறை வருமானத்தில்தான் நான் படித்தேன். மூடு என்றா சொல்வது? தண்ணீரைக் கிணற்றில் எடுத்தோம், சாயப்பொடி பம்பாயிலிருந்து டப்பாவில் வந்தது. இதில் எடுத்த இடம் எது அக்கா?

கீழே கொட்ட மனசில்லாமல் தூக்கை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். குழம்பா என்று கண்டக்டர் கேட்டார். இப்போது அது என் மேசைக்கடியில் இருக்கிறது. நாற்றம் தாங்கவில்லை, எடுத்துக் கொட்டுங்கள் என்கிறார் முதல்வர். எங்கே என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்குமா, இல்லை நீங்களும் என்னைப் போல முழித்திருப்பீர்களா? கேட்க நீங்கள் இல்லையே என்று கோபம்கூட வருகிறது.

அடுத்த வகுப்பு அண்ணன் பட்டறையில்தான். அவரும் பிள்ளைகளோடு உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். தூக்கை நடுவில் வைத்து, அவர் என்னிடம் கேட்டதையே எல்லாரையும் கேட்கப்போகிறேன். பாடத்தை எடுத்தால் எடுக்கட்டும். பதில் கிடைக்கும்வரை அதை எந்தத் தண்ணீரிலும் ஊற்ற மாட்டேன், இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் கூடப்பிறக்காத தங்கை,
ஆரணி மல்லிகா