மாப்பிள்ளை அழைப்புக்கு எந்தப் பெட்ரோல்

மே 23, வெள்ளி

காலையிலேயே வெயில். பழைய காருக்கு எந்தப் பெட்ரோல் சரி என்று இவர் கேட்டார். "நீதானே கெமிஸ்ட்ரி, சொல்லு." தெரியவில்லை. அப்படியே சொல்லிவிட்டேன். கல்லூரியில் யாரும் இதைக் கேட்டதில்லை.

மாமனார் வாங்கிய கார். சூப்பர்சார்ஜர் வைத்தது, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். ஓய்வுக்குப் பிறகு இவருக்கு அதைச் சரிசெய்வதே வேலை. புதனன்று மகள் மீனா கல்யாணம். மாப்பிள்ளையைக் கோயிலிலிருந்து வீட்டுக்கு அந்தக் காரில், தானே ஓட்டி அழைத்துவர வேண்டும். வேறு எதையும் கேட்காத மனிதர்.

வாழை இலைக்குச் சொல்லவில்லை இன்னும்.

மே 25, ஞாயிறு

இரண்டு மணி நேரம் வீடியோக்கள். ஆளுக்கொரு பேச்சு, எதையும் நம்புவதற்கில்லை. நானாகத் திரட்டியது: பங்க் பெட்ரோலில் எத்தனால், பழைய ரப்பர் குழாயைக் கெடுக்கும். ஆக்டேன் என்ற தர எண் குறைந்தால், வேகமெடுக்கையில் எஞ்சின் டக்டக்கென்று தட்டும். ஆகவே எத்தனால் இல்லாதது, ஆக்டேன் கூடியது. மதுரையில் உண்டாம்.

கொழுந்தன் கருப்பையா வந்தான். "அண்ணே, தள்ளுறதுக்கு நாலு ஆளு சொல்லி வைக்கவா?" எல்லாரும் சிரித்தார்கள். இவரும். காது மட்டும் சிவந்திருந்தது.

மே 27, செவ்வாய்

புழுக்கம். மதுரைக்கே ஓட்டிப்போய் நிரப்பினோம். திரும்பும்போது பாலத்தில் முழு வேகம். தட்டல் இல்லை. இவர் ஏதோ பாட்டை முணுமுணுத்தார். எத்தனை வருடமாயிற்று.

படுக்கும்போது, "நடுத்தெருவுல நின்னுபோச்சுன்னா?"

"நிக்காது" என்றேன். ஆதாரம் இல்லாமல் நான் சொன்ன வாக்கியம்.

மே 28, புதன்

நின்றது. பிள்ளையார் கோயில் முக்கில்.

ஊர்வலம் நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடை வேகத்தில்தான் வரும். ஊருக்கே தெரிந்தது. வேகத்தைப் பற்றியே யோசித்த எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. காற்றுப் படாமல் எஞ்சின் காய்ந்து, பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொண்டது. ஆக்டேன் என்ன செய்யும். இவர் கை ஸ்டியரிங்கை விடவில்லை. முகம் பார்க்க முடியவில்லை.

கூட்டத்தை விலக்கி முன்னால் போனேன். நாதஸ்வரக்காரரிடம், "இங்கயே நின்னு ஒரு கீர்த்தனை முழுசா வாசிங்க."

"முக்குல நின்னு வாசிக்கிறது வழக்கந்தானுங்களே ஆச்சி" என்றார்.

கூட்டம் முழுக்க அங்கிட்டுத் திரும்பியது. ஈரத்துண்டு கொண்டுபோய் இவரிடம் கொடுத்தேன். பூச்சரம் கலையாமல் பானட்டின் ஒரு பக்கத்தை மட்டும் தூக்கி, குழாயில் சுற்றினார். பின்சீட்டில் மாப்பிள்ளை வியர்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

வாசிப்பு முடிந்தது. சாவியைத் திருப்பினார். கிளம்பியது.

வீட்டு வாசலில் கருப்பையா: "நல்ல எடம் பாத்து நிப்பாட்டுனீங்கண்ணே. என்னா வாசிப்பு."

இவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ஒங்க அண்ணிதான் நிப்பாட்டச் சொன்னா."