அரை மாத்திரை

9 ஜூன் 2025, திங்கள்

என் மகன் என்னை ஏமாற்றிவிட்டான். முழு மாத்திரை கொடுக்கச் சொல்லி டாக்டர் எழுதியிருக்கிறார். சிவபாண்டி அதைப் பாதியாக உடைத்துத் தருகிறான். இன்று காலை நாக்கில் வைத்தபோது ஒரு பக்கம் சுரசுரவென்று இருந்தது. துப்பிப் பார்த்தேன். பாதிதான்.

புற்றுநோய் இடுப்பெலும்பில் இறங்கியிருக்கிறது. அந்த வலிக்குத்தான் இந்த மார்ஃபின் மாத்திரை. மருந்துக்கு வலி கேட்கவில்லையே என்று இத்தனை நாளும் என் உடம்பைத் திட்டிக்கொண்டிருந்தேன். திட்ட வேண்டிய ஆள் வேறு.

கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டான். “அது போதை மருந்தாம்ப்பா. பழகிட்டா விட முடியாதுன்னு கடையில சொன்னாங்க. குடிக்கிறவன் வீட்டுல கை நனைக்க மாட்டேன்னு இருந்த ஆளு நீங்க. ஒங்களப் போயி அப்படிப் பேச விடுவேனா?”

பாதியைத் தந்தவன் கையால் இனி முழுதும் வேண்டாம்.

10, செவ்வாய்

மாத்திரை எடுக்கவில்லை. வலிக்கிறது.

11, புதன்

எழுத்து கோணுகிறது. பேப்பரைப் பார்த்தே எழுதப் படிக்கப் பழகியவன் நான். இன்று தலைப்பைத் தாண்ட முடியவில்லை.

மருமகள் கனகலட்சுமி கஞ்சியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். “மாமா, கோவத்த எங்க மேல காட்டுங்க. மாத்திரை என்ன பண்ணுச்சு?”

சிவபாண்டி வேலைக்குப் போகவில்லை. வாசலிலேயே நிற்கிறான். ஏன் போகவில்லை? கேட்கக் கூடாது.

மதியம் கண்ணை மூடிக் கிடந்தேன். யாரோ என் பாதத்தைப் பிடித்துவிட்டார்கள். கண்ணைத் திறக்கவில்லை. அவன் கை எனக்குத் தெரியாதா?

12, வியாழன்

வீடு வீடாக வந்து வலி பார்க்கிற நர்ஸ் ஆர்த்திகா வந்தாள். பத்துக்கு எத்தனை வலி என்றாள். பரவாயில்லை என்றேன். கனகலட்சுமிக்குப் பொறுக்கவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

ஆர்த்திகா அவனை உள்ளே கூப்பிட்டாள். “வலிக்கு, டாக்டர் சொன்ன அளவுல குடுத்தா அது போதையில்லண்ணே. குறைக்கிறதோ நிறுத்துறதோ எங்களக் கேக்காமச் செய்யாதீங்க.” அடுத்து என் பக்கம் திரும்பினாள். “நீங்க பரவாயில்லங்கிறீங்க. அவரு பாதியே போதும்போலன்னு இருக்காரு. மாத்திரைக்கு வாய் இருந்தா அதாச்சும் உண்மையச் சொல்லியிருக்கும்.”

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இடுப்பு உயிர் போகிறது.

“இப்பச் சொல்லுங்கய்யா. பத்துக்கு எத்தன?”

“ஒம்பது.”

சிவபாண்டி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. எத்தனை முறை கேட்டிருப்பான்—வலிக்குதாப்பா, வலிக்குதாப்பா என்று. நான் என்ன சொன்னேன்?

ஆர்த்திகா டாக்டரிடம் போனில் பேசினாள். முழு மாத்திரையே தொடரட்டும் என்றாராம். கனகலட்சுமி தண்ணீரோடு வந்தாள். அவனிடம் கொடுக்கச் சொன்னேன்.

“முழுசாப்பா?”

“முழுசாடா.”

14, சனி

தூங்கினேன்.

18, புதன்

வலி மூன்று. நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். நான் மன்னித்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். இந்த வீட்டில் இனி நடக்க வேண்டியதை எழுதி வைக்கிறேன்.

சிவபாண்டி கடிகாரம் பார்த்து மாத்திரை தர வேண்டும். நான் முனகும்வரை காத்திருக்கக் கூடாது. ஊரார் சொல்வதைக் கேட்டு என் மாத்திரையில் கை வைக்கக் கூடாது. நாளை முதல் வேலைக்குப் போக வேண்டும்.

அவன் இல்லாத நேரம் கனகலட்சுமி தர வேண்டும். இந்த மாத்திரை வயிற்றைக் கட்டும். அதற்கான மருந்தையும் சேர்த்துத் தர வேண்டும்.

பரவாயில்லை என்று நான் சொன்னால் ஆர்த்திகா நம்பக் கூடாது.

நான் எண்ணைச் சொல்ல வேண்டும். கேட்பதற்கு முன்பே.

பாதம் பிடித்துவிட இனி அவசியமில்லை. இருந்தாலும் சிவபாண்டி பிடித்துவிட வேண்டும்.