எரியலைன்னு சொன்னாள்

மேக்கன், ஜார்ஜியா
ஈஸ்டர் கழிந்த வாரம்

அன்பு மகள் டியாண்ட்ராவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த ஜெர்மனிக் குளிரில் உன் உடம்பும் மனசும் சுகமாக இருக்க வேண்டும். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே, பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அப்பா லாரியோடு டென்னசி போயிருக்கிறார். உன் ராணுவ முகாம் கடையில் முடியை நேராக்கும் மருந்தை நம் வழக்கப்படி பெர்ம் என்று கேட்டதற்கு அந்த வெள்ளைக்காரி முடியைச் சுருட்டுகிற குழல்களை எடுத்து வந்தாள் என்று எழுதியிருந்தாயே, எர்லீன் சித்தியிடம் படித்துக் காட்டினேன், "அடிப்பாவி, சுருட்டவா அவ்வளவு தூரம் போனா, அது கடவுளே சும்மா குடுத்ததாச்சே" என்று சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இனிமேல் அங்கே டப்பாவில் இருக்கிற பெயரையே சொல், ரிலாக்சர் என்று. தெரியாத கையில் தலையைக் கொடுக்காதே, மருந்து போடுவதற்கு முந்தின நாள் தலையைச் சொறியாதே, எரியும்.

அந்த ரிலாக்சரைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஈஸ்டருக்குச் சபையில் பாட்டு ஒப்பிக்க வேண்டும், எனக்கும் முடி நேராகி ஆட வேண்டும் என்று உன் தங்கை ஜானெல் உயிரை எடுத்தாள். ஏழு வயதுதானே என்று நான் தயங்க, "முதல்ல இதுக்கு நீ உக்காந்தப்ப உனக்கென்ன எழுபது வயசா" என்று சித்தி என் வாயை அடைத்துவிட்டாள். சனிக்கிழமை சித்தியின் முடி அலங்காரக் கடையில் உட்கார வைத்தோம். வாசலின் தடவி, களிம்பு பூசி, வழக்கம்போல் சித்தி "எரியுதாடி கண்ணு?" என்று கேட்டாள். "இல்ல சித்தி." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள், மறுபடி இல்லை. நான் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தேன். குழந்தை முகம் போட்டோவில் இருக்கிற முகம் மாதிரி அசையாமல் இருந்தது. உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிகிறது, இமைகூடத் துடிக்கவில்லை. அந்தத் தண்ணீருக்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருந்தது டியாண்ட்ரா. நான் கத்தின கத்தலில் சித்தி ஓடிப்போய்த் தண்ணீரைத் திறந்தாள். கழுவிப் பார்த்தால் உச்சியிலும் காதுக்குப் பின்னாலும் தோல் உரிந்து நீர் கோத்திருக்கிறது. "பொணத்துக்குத் தலை கழுவுற மாதிரி இருந்துச்சுடி லவோன், ஒரு நெளிவு இல்ல, ஒரு முனகல் இல்ல" என்றாள் சித்தி. அன்றைக்கு அதற்குமேல் யார் தலையிலும் அவள் கை வைக்கவில்லை.

ஈஸ்டர் அன்று முடி பளபளவென்று ஆட ஒரு வரி தப்பாமல் ஒப்பித்தாள், சபையே கைதட்டியது. வீட்டுக்கு வரும் வழியில் ரிலாக்ஸ் என்றால் என்னம்மா என்று கேட்டாள். சுருள் எல்லாம் முறுக்கு விட்டுத் தளர்ந்து நேராகிவிடும், அதனால் அந்த மருந்துக்கு அந்தப் பெயர், மனுஷரைச் சொன்னால் உடம்பைத் தளரவிட்டு நிம்மதியாக இருப்பது என்றேன். "நான் அப்பிடித்தானம்மா இருந்தேன்" என்றாள். காரை ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன். இரண்டு நாள் கழித்துக் குளியலறைக் கதவுக்கு உள்ளே அவள் குரல் கேட்டது, "எரியுதா?", பிறகு அவளே வேறொரு தட்டைக் குரலில், "இல்லம்மா." திறந்து பார்த்தால் பொம்மைகளை எல்லாம் சுவரைப் பார்த்து வரிசையாக உட்கார வைத்திருக்கிறாள், ஒவ்வொன்றின் தலையிலும் சோப்பு. அதுகூட விளையாட்டு என்று விட்டுவிடுவேன். நேற்றுக் காலை கொதிக்கிற சோளக் கஞ்சி அவள் கையில் கொட்டிவிட்டது. குழந்தை கத்தவில்லை. கையை விலக்கவும் இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, நான் கேட்காமலே "எரியல" என்றாள், அதே சிரிப்போடு. கையைக் குழாயில் பிடித்துக்கொண்டு அழுதது நான்தான். டாக்டர் பார்த்துக் கட்டுப் போட்டுவிட்டார், தழும்பு நிற்காதாம், உணர்ச்சியெல்லாம் சரியாக இருக்கிறதாம். அதுதான் எனக்குப் பயம். அவளுக்கு வலிக்கிறது, சொல்லத்தான் மாட்டேன் என்கிறாள்.

யார் சொல்லிக்கொடுத்தது என்று மெதுவாகக் கேட்டேன். "அக்காதான் போன்ல சொன்னா. எரியுதுன்னா உடனே கழுவிடுவாங்க, முடி நேராகாது, பல்லைக் கடிச்சுக்கிட்டு இல்லன்னு சொல்லுன்னு." உன்னைத் திட்ட இதை எழுதவில்லை கண்ணு, இந்த ஊரில் எந்தப் பெண் எந்தப் பெண்ணுக்கு அதைச் சொல்லவில்லை. நான் சொன்னால் அவள் கேட்பதில்லை, நீ சொன்னால்தான் வேதவாக்கு. ஞாயிற்றுக்கிழமை சபை விட்டதும் போன் பண்ணி, அக்காவுக்கும் எரிந்தது, அக்கா கத்தினாள் என்று சொல்லிவிடு. இப்படி எழுதிவிட்டு யோசித்தால் நீ கத்தி நான் கேட்டதே இல்லை. நான் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து மருந்து பூச, எத்தனை வருஷம் என் முழங்காலுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருக்கிறாய், ஒவ்வொரு தடவையும் எரியுதா என்று கேட்டேன், ஒவ்வொரு தடவையும் இல்லம்மா என்றாய். இப்போது உன் கடிதங்களை எல்லாம் எடுத்துப் பார்க்கிறேன், எல்லாவற்றிலும் நல்லா இருக்கேன்மா, நல்லா இருக்கேன்மா என்றே இருக்கிறது.

கர்த்தர் உன் தலைமேல் கை வைத்துக் காப்பாராக. கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள், வேளைக்குச் சாப்பிடு. ஞாயிறு போனில் தங்கையிடம் பேசி முடித்ததும் வைத்துவிடாதே, என்னிடம் கொடுக்கச் சொல். உன்னிடமும் கேட்க வேண்டும். இல்லம்மா என்று மட்டும் சொல்லாதே.

முத்தங்களுடன்,
உன் அம்மா
லவோன்